நாளைக்கு என்ன, கண்ணு?

பழைய மாணவன், பி.எஸ்ஸி. கணிதம், 1986–89

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பழைய மாணவர் சந்திப்பில், மதியத் தேநீர் இடைவேளையின்போது ஒரு மாணவி என்னிடம் வந்தார். மூன்றாம் ஆண்டு படிப்பவர். "சார், நீங்க சாஃப்ட்வேர் கம்பெனி வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. நானும் ஒரு ஆப் பண்ணி தொழில் தொடங்கணும்னு எட்டு மாசமா புரோகிராமிங் கத்துக்கறேன். மொதல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்காருவேன். இப்பல்லாம் லேப்டாப்பைத் தொறக்கவே மனசு வரலை. என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடாமுயற்சி வேணும்மா" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொரு வேலையாகப் போனில் பேசியபோது அந்தப் பெண் சொன்னார்: "அதை விட்டுட்டேன் சார்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நானும் ஒரு காலத்தில் அதே போல விட்டவன். என்னைத் திரும்ப உட்கார வைத்தது விடாமுயற்சி அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லாமல் வந்துவிட்டேன். மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலையே எழுதுவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் என் கதை. பொறுத்துப் படியுங்கள்.

செருப்பைக் கழற்றி வைத்த காலம்

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் போவதென்றால் கோயிலுக்குள் போவது மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். உள்ளே ஏ.சி. இருக்கும். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியைக் காகித உறையிலிருந்து உருவும்போது கை நடுங்கும். 1990-ல் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பகலில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அங்கே கற்றுக்கொடுத்தது டிபேஸ் த்ரீ பிளஸ். திரையில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நாம் கட்டளை எழுத வேண்டும். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நான் கட்டிய கோட்டைகள் எத்தனையோ!

என் திட்டம் இதுதான். மண்டிக் கணக்கு முழுவதையும் போடும் ஒரு சாஃப்ட்வேர் எழுதுவது. ஈரோட்டில் இருக்கும் எல்லா மண்டிகளுக்கும் விற்பது. பிறகு சேலம், அப்புறம் நிஜாமாபாத். இன்றைக்குப் பிள்ளைகள் ஆப் என்று சொல்வதை அன்றைக்கு நாங்கள் பேக்கேஜ் என்று சொன்னோம். ஆசை என்னவோ ஒன்றுதான்.

அந்த டிபேஸை எழுதியவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை எனக்கு 1993-ல் தெரிந்திருந்தால் ஏழெட்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஒரு பந்தயத்தில் தொடங்கிய கதை

அவர் பெயர் வேய்ன் ராட்லிஃப். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியில் பணியாற்றியவர். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலத் திட்டத்துக்கான வேலைகளில் இருந்தவர். இவ்வளவு பெரிய இடத்தில் இருந்தவர் தன் சொந்த சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கிய காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அலுவலக நண்பர்கள் கால்பந்துப் போட்டிக்குப் பந்தயம் கட்டுவார்கள். அமெரிக்கக் கால்பந்து அது, நம் கால்பந்து அல்ல. எந்த அணி ஜெயிக்கும் என்று புள்ளிவிவரங்களைக் கையால் கூட்டிக் கழித்து அலுத்துப்போன ராட்லிஃப், இதைக் கம்ப்யூட்டர் செய்தால் என்ன என்று நினைத்தார். 1978-ல் வீட்டிலேயே, ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. 8080 என்ற சிறு கணிப்பொறியில், அசெம்பிளி மொழியில் எழுத ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்த பிறகுதான் எழுத்து. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் ஸ்பாக்கின் கிரகத்தின் பெயரான 'வல்கன்' என்பதையே அதற்கு வைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பந்தயம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பந்தயம் மறந்துபோயிற்று. புரோகிராம் வளர்ந்துகொண்டே போயிற்று. தொடங்கி வைக்கும் ஆசை வேறு, தொடர வைக்கும் காரணம் வேறு. முதலாவது தீர்ந்துபோனதும் "எனக்கு ஆர்வம் போயிடுச்சு" என்று பயப்படுகிறோம். அது போகத்தான் செய்யும். எல்லாருக்கும் போகும்.

1979 அக்டோபரில் 'பைட்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வல்கனை 50 டாலருக்கு விற்கத் தொடங்கினார். வாங்க ஆட்களும் வந்தார்கள். ஆனால் விளம்பரம், பிரதி எடுப்பது, பார்சல் கட்டுவது, வாங்கியவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது, தவறுகளைத் திருத்துவது எல்லாம் ஒரே ஆள். பகலில் வேறு உத்தியோகம். 1980 கோடையில் மனிதர் சோர்ந்துபோனார். இனி விற்பதில்லை, வாங்கியவர்களுக்கு மட்டும் உதவி செய்வது என்று முடிவெடுத்துவிட்டார்.

உலகத்தில் பல லட்சம் பேர் பின்னால் பயன்படுத்தப் போகும் ஒரு சாஃப்ட்வேர் அந்தக் கோடையில் அணையும் நிலையில் இருந்தது. எழுதியவருக்குத் திறமை போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? விண்வெளித் திட்டத்தில் இருந்தவர் அவர்! எழுத்து அவரைச் சோர்வாக்கவில்லை. எல்லாவற்றையும் தனியாளாகச் சுமந்ததுதான் சோர்வாக்கியது.

அப்போதுதான் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு விற்கத் தெரியும். நாங்கள் விற்கிறோம், நீங்கள் எழுதுங்கள் என்றார்கள். பெயரை டிபேஸ் டூ என்று மாற்றினார்கள். டிபேஸ் ஒன்று என்று எதுவும் இருந்ததே இல்லை! இரண்டு என்றால் ஏற்கெனவே ஒன்று வந்து திருத்தப்பட்டது என்று வாங்குபவர் நம்புவார் அல்லவா? கம்பெனிக்கு ஆஷ்டன்-டேட் என்று பெயர். அதில் ஆஷ்டன் என்று ஆளே கிடையாது. 50 டாலராக இருந்த விலை 695 டாலர் ஆயிற்று. அந்த விலையிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1991-ல் போர்லேண்ட் நிறுவனம் ஆஷ்டன்-டேட்டை வாங்கியது. அதற்குள் டிபேஸ் ஈரோடு வரைக்கும் வந்து, ஏ.சி. அறையில் புள்ளியாக மினுக்கிக்கொண்டிருந்தது.

நான் விட்ட கதை

இனி என் கதைக்கு வருகிறேன். 1992-ல் மண்டி பேக்கேஜ் எழுத உட்கார்ந்தேன். சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து மெஷின் எடுப்பேன். ஒரு மாதம் எழுதியதும் ஒரு நண்பன், "டிபேஸ் எல்லாம் பழசு, ஃபாக்ஸ்புரோ படி" என்றான். படித்தேன். எழுதியதை எல்லாம் அதில் மாற்றினேன். இன்னொருவன், "சி தெரியாம என்ன புரோகிராமர்?" என்றான். அதையும் படித்தேன். ஒரு வருஷம் ஓடிற்று. என் நோட்டில் மூன்று மொழிகளின் கட்டளைகள் இருந்தன. மண்டிக்குக் கொடுக்க ஒரு பில் கூட அச்சாகவில்லை. 1993 ஆகஸ்டில் ஃபிளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டேன். "நமக்கு இது ஒத்து வராது" என்று வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

1994 பங்குனி. மஞ்சள் வரத்து உச்சத்தில் இருந்த சமயம். விரலி, கிழங்கு என்று மூட்டைகள் வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கும். எங்கள் மண்டியின் கணக்குப்பிள்ளைக்கு அப்போதே அறுபது வயதுக்கு மேல். விவசாயிகள் வாங்கிய முன்பணத்துக்கு, வாங்கிய தேதியிலிருந்து சரக்கு விற்ற தேதி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வட்டி போட வேண்டும். பேரேட்டைப் புரட்டி அவர் போட்டு முடிக்க ராத்திரி பதினொன்று ஆகிவிடும்.

ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, நீ படிச்சியே அந்தப் பொட்டி, அது வட்டி மட்டும் போட்டுக் குடுக்குமா? வேற ஒண்ணும் வேண்டாம்."

வட்டி மட்டும்! நான் மொத்த மண்டியையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகப் பார்த்தவன். அவருக்கு வேண்டியதோ ஒரே ஒரு கழித்தல், ஒரு பெருக்கல். பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். பழைய டிபேஸிலேயே மூன்று ராத்திரியில் அறுபது வரி எழுதினேன். நாற்பது விவசாயிகளின் பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்து எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பெரும்பாலும் எல்லாமே தப்பு! ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வித்தியாசம். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் விளங்கியது. டிபேஸ் இரண்டு தேதிகளைக் கழித்தால் உள்ளபடியான நாள் கணக்கைக் கொடுக்கும். மண்டி வழக்கத்திலோ எல்லா மாதத்துக்கும் முப்பது நாள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கணக்குப்பிள்ளையின் தலையில் இருந்தது. திருத்தி மறுநாள் கொண்டுபோனேன். இப்போது மூன்று வரிகள் மட்டும் ஒத்துவரவில்லை.

அதில் இரண்டு என் தப்பு. டிபேஸ் அமெரிக்கக்காரர்கள் செய்தது. அதில் மாதம் முன்னால், தேதி பின்னால். பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதியை அடித்தபோது அது மறுத்ததால் நான் விழித்துக்கொண்டு முறையை மாற்றியிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அடித்த இரண்டு தேதிகள் தலைகீழாகவே தங்கிவிட்டன. மார்ச் ஐந்து மே மூன்றாகக் கிடந்தது. மூன்றாவது வரியைக் கணக்குப்பிள்ளை வெகுநேரம் பார்த்தார். பேரேட்டைப் பார்த்தார். திரும்ப விரல்விட்டு எண்ணினார். பிறகு ஒன்றும் பேசாமல் பேரேட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினார். அந்த ஒரு வரியில் பொட்டி சரி, பேரேடு தப்பு.

"போய் ரெண்டு டீ சொல்லு" என்றார். டீ குடித்து முடித்ததும் கேட்டார்: "நாளைக்கு என்ன, கண்ணு?"

அந்தக் கேள்விதான் என்னைத் தொழிலில் நிறுத்தியது. தினமும் மாலை கேட்பார். நாளைக்கு மூட்டை எடைச் சிட்டை. நாளான்னிக்கு கமிஷன். அடுத்த வாரம் விவசாயிக்குக் கொடுக்கும் பட்டியல். எனக்கு அன்றைக்கு மனசு இருக்கிறதா இல்லையா என்று அவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு ஆள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார், வெறுங்கையோடு போக முடியாது, அவ்வளவுதான். 1995-ல் பக்கத்து மண்டிக்காரர், "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்டு வந்தார். அதுதான் என் முதல் விற்பனை. நான் கோடீஸ்வரன் ஆகவில்லை. இன்றைக்கு எங்களிடம் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா 2004-ல் காலமானார். கடைசி வரைக்கும் அவர் ஒரு சாவியைக்கூடத் தட்டியதில்லை. ஆனால் எங்கள் கம்பெனியின் முதல் பங்குதாரர் அவர்தான் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

இன்னும் இரண்டு சாட்சிகள்

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமோ என்று முன்பு நினைத்ததுண்டு. சரித்திரத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

1978-ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர். கரும்பலகையில் போட்ட கணக்கில் ஒரு எண் மாறினால், அதைத் தொட்ட எல்லா எண்களையும் ஆசிரியர் அழித்து அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்தார். ஒன்றை மாற்றினால் மற்றவை தானாகவே மாறும் பலகை இருந்தால்? யோசனை அவருடையது. எழுதியது நண்பர் பாப் ஃப்ராங்க்ஸ்டன். ராத்திரியில் கம்ப்யூட்டர் நேரம் மலிவு என்பதால் ஃப்ராங்க்ஸ்டன் விடிய விடிய எழுதுவார். மாதிரி ஓரளவு தயாரானதுமே பிரிக்ளின் தன் வகுப்பில் பெப்சி பற்றிய பாடக் கணக்குக்கு அதையே பயன்படுத்திப் பார்த்தார். முழுசாக முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆப்பிள் டூ கணிப்பொறியைக் கொடுத்து உதவியவரும், வெளியிட்டு விற்றவரும் டான் ஃபில்ஸ்ட்ரா என்ற மூன்றாவது ஆள். 1979 அக்டோபரில் 'விசிகால்க்' விற்பனைக்கு வந்தது. இன்று நாம் எக்செல்லில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவது அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த மசாகோ வகாமியா அம்மையார். 1935-ல் பிறந்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறும் சமயத்தில்தான் கம்ப்யூட்டரே வாங்கினார். ஸ்மார்ட்போன் விளையாட்டுகள் எல்லாம் இளைஞர்களுக்கே இருக்கின்றன, வயதானவர்கள் விளையாட ஒன்றும் இல்லையே என்பது அவர் குறை. யாராவது செய்து கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். நீங்களே செய்யுங்களேன் என்று பதில் வந்தது. சரி என்று, தொலைவில் இருந்த ஓர் இளைஞரிடம் இணையம் வழியாகப் பாடம் கேட்டு, 2017-ல் தம் 81-ஆம் வயதில் 'ஹினாதான்' என்ற ஆப்பை வெளியிட்டார். நம் நவராத்திரிக் கொலுவைப் போல ஜப்பானில் மார்ச் மாதம் படிகளில் பொம்மை வைப்பார்கள். எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதுதான் விளையாட்டு. அது பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். அவர்கள் ஜெயிக்கும் விளையாட்டு. அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் மாநாட்டுக்கு அவரை அழைத்துப் பெருமைப்படுத்தியது.

மூன்று பேர் கதையையும் சேர்த்துப் பாருங்கள். ராட்லிஃபுக்கு விற்பவர்கள் வந்தார்கள். பிரிக்ளினுக்கு எழுதும் நண்பர் இருந்தார். வகாமியா அம்மையாருக்குச் சொல்லித்தர ஓர் இளைஞரும், விளையாடக் காத்திருந்த வயதொத்தவர்களும் இருந்தார்கள். தனியாக அறையைச் சாத்திக்கொண்டு, மனவலிமையை மட்டும் நம்பிக் கரையேறியவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

மாணவர்கள் கேட்கலாம்: "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப ஃபிளாப்பியும் இல்லை பார்சலும் இல்லை." உண்மைதான். 2008 ஜூலையில் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 500 ஆப்களோடு திறந்தது. அன்றோடு பார்சல் கட்டும் வேலை போயிற்று. கோடு எழுதிக்கொடுக்க இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆனால் மண்டியில் மாதத்துக்கு முப்பது நாள் என்பதை உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கூகுள் நிறுவனமே 2023 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர்கள், ஆப்பை வெளியிடும் முன் குறைந்தது 20 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று. 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தது. பிள்ளைகள் அதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கோ அது பன்னிரண்டு கணக்குப்பிள்ளைகள் என்று படுகிறது.

அந்தப் பெண்ணுக்கு

விட்டுட்டேன் என்று சொன்ன அந்த மாணவிக்கு மறுநாள் நானே போன் செய்தேன். இந்த முறை அறிவுரை சொல்லவில்லை, கேட்டேன். "என்ன ஆப் பண்ண நெனச்சீங்க?" இந்தியா முழுவதும் உள்ள தையல்காரர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் ஆப். "தையல் யோசனை எப்படி வந்துச்சு?" "அம்மா தைக்கிறாங்க சார்." "அம்மாவுக்கு இதுல என்ன வேணும்னு கேட்டீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கேக்கலை சார்."

வீட்டுக் கூடத்திலேயே கணக்குப்பிள்ளை தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை இந்தியா முழுவதையும் தேடிக்கொண்டிருந்தது. நான் செய்த அதே தப்பு.

அம்மாவின் தொல்லை சின்னதுதான். அளவு நோட்டு கிழிந்து, யாருக்கு என்றைக்குத் துணி கொடுக்க வேண்டும் என்பது மறந்துபோகிறது. "அதை மட்டும் பண்ணுங்க. ரெண்டு வாரத்துல அம்மா கையில குடுங்க" என்றேன். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். போன் திரையில் மூன்று வாடிக்கையாளர் பெயர், தேதியோடு. கீழே ஒரு வரி: "கை நீளம் போட இடமே இல்லைன்னு அம்மா திட்றாங்க சார்." படித்ததும் எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. திட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டார்!

அந்த ஆப் தொழிலாக வளருமா, தெரியாது. ஆனால் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு இன்று தெரியும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் உண்டு. மருந்துக்கடை, அச்சகம், லாரி ஆபீஸ், பள்ளிக்கூடம் நடத்துபவர்கள் உண்டு. ஒவ்வொருவர் தொழிலிலும் ராத்திரி பதினொரு மணி வரை இழுக்கும் ஒரு சின்னக் கணக்கு நிச்சயம் இருக்கும். இந்தச் சந்திப்பு நாளில் அதை ஒரு தாளில் எழுதி, கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர் கையில் கொடுங்கள். நன்கொடை கொடுப்பதுபோல இதற்கு ரசீது கிடையாது. கொடுத்ததோடு நகர்ந்தும் போகாதீர்கள். நான் வடையோடு நகர்ந்தது போதும். வாரம் ஒருமுறை போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"நாளைக்கு என்ன, கண்ணு?"

வாழ்க நம் கல்லூரி!